ராம் செத்துப்போச்சா? முதலில் ஸ்லாட்டைப் பாருங்கள்

இந்த முறை பழைய டெஸ்க்டாப் கணினிகளின் மெமரி பற்றி வந்த கேள்விகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோருமே ராம் பழுதாகிவிட்டதா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அந்த ராமைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஸ்லாட்டைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. எனக்கு எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கத் தோன்றும்.

கேள்வி: டிடிஆர்2 ராம் போட்ட டெஸ்க்டாப் ஒன்று இரண்டு வருடமாக அலமாரியில் கிடந்தது. இப்போது எடுத்து ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை, நீளமான பீப் சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. ராம் போய்விட்டதா, புதிது வாங்கவா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த நீளமான பீப் திரும்பத் திரும்ப வருவது அவார்டு பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் நிரல்) உள்ள மதர்போர்டுகளில் மெமரிச் சிக்கலுக்கான அடையாளம். ஏஎம்ஐ பயாஸ் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று குட்டி பீப்களாக வரும், அவையும் மெமரியைத்தான் குறிக்கின்றன. ஆனால் பயாஸ் சொல்வது 'மெமரியை என்னால் படிக்க முடியவில்லை' என்பதை மட்டும்தான். ஏன் முடியவில்லை என்பது அதற்குத் தெரியாது. ராம் சிப் செத்திருந்தாலும் அதே சத்தம், நடுவில் ஒரு தொடர்பு விட்டுப்போயிருந்தாலும் அதே சத்தம்.

உங்கள் ராம் ஸ்டிக்கின் அடி விளிம்பில் பக்கத்துக்கு 120 வீதம் மொத்தம் 240 பட்டைகள் இருக்கின்றன, தங்க முலாம் பூசியவை, ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 1 மில்லிமீட்டர்தான். ஸ்லாட்டுக்குள் ஒவ்வொரு பட்டைக்கும் எதிராக ஒரு மெல்லிய வளைந்த உலோகத் தகடு ஸ்பிரிங் மாதிரி அமுக்கிக்கொண்டு நிற்கிறது. இந்த 240 இடங்களில் முக்கியமான ஒன்றில் தூசியோ ஈரப்பதத்தில் படிந்த ஒரு மெல்லிய படலமோ குறுக்கே நின்றால் போதும், கணினி எழுந்திருக்காது. இரண்டு வருடம் சும்மா கிடந்த கணினியில் இது நடப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அவசரப்படாமல் செய்யுங்கள். முதலில் மின்சார வயரையே பிடுங்கிவிடுங்கள். ஷட் டவுன் செய்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், வயர் செருகியிருக்கும்வரை போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த நிலையில் ராமைப் பிடுங்குவதுதான் நிஜமாகவே அதைக் கொல்லும் வழி. வயரைப் பிடுங்கியபின் பவர் பட்டனைச் சில நொடிகள் அமுக்கிப் பிடியுங்கள், மிச்சம் இருப்பதும் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்லாட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் கிளிப்புகளை வெளிப்பக்கமாகச் சாய்த்தால் ஸ்டிக் தானாகவே கொஞ்சம் மேலே எழும்பும். கிராபிக்ஸ் கார்டு நீளமாக இருந்தால் அதன் பின்பக்கம் ஒரு கிளிப்பைத் திறக்கவிடாமல் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி இருந்தால் கார்டை முதலில் கழற்றுங்கள். சிரமமாக இருக்கிறது என்று பாதி திறந்த கிளிப்போடு ஸ்டிக்கை இழுத்து அந்தக் கிளிப்பை உடைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டிக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தங்கப் பட்டைகள் மங்கியோ, விரல்ரேகை படிந்தோ, கறுப்பாகக் கோடு விழுந்தோ இருக்கலாம். நூல் உதிராத துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கொஞ்சம் நனைத்து மேலிருந்து கீழாகத் துடையுங்கள். ரப்பர் போட்டுத் தேய்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மிருதுவான வெள்ளை பென்சில் ரப்பர் என்றால் லேசாக ஒன்றிரண்டு இழுப்பு போதும், அதுவும் கணினிக்குத் தள்ளி வைத்து, துகள் ஒன்றுகூட ஸ்லாட்டில் விழாதபடி. அந்தத் தங்க முலாம் மிக மிக மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் அடியில் இருக்கும் உலோகம் வெளியே வந்து அப்புறம் இன்னும் சீக்கிரம் மங்கும். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் ஸ்லாட். உலர்ந்த மிருதுவான பெயின்ட் பிரஷ் ஒன்றால் நீளவாக்கில் வருடிவிட்டு, கையால் அமுக்கும் ரப்பர் பம்ப் இருந்தால் அதால் காற்றடியுங்கள். வாயால் ஊத வேண்டாம், மூச்சில் ஈரம் இருக்கிறது, எதைப் போக்க உட்கார்ந்தோமோ அதையே மறுபடி உள்ளே அனுப்பினது மாதிரி ஆகிவிடும். பிறகு டார்ச்சைச் சாய்த்து அடித்துக்கொண்டு போன் கேமராவைப் பெரிதாக்கி ஸ்லாட்டுக்குள் பாருங்கள். உள்ளே இருக்கும் தகடுகள் சீப்புப் பல் மாதிரி ஒரே உயரத்தில் ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் அமுங்கியோ பக்கத்தில் சாய்ந்தோ இருந்தால் கண்ணில் பட்டுவிடும்.

திரும்பப் போடும்போது ஸ்டிக்கின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலையும் இரண்டு முனையில் வைத்து ஒரே சீராக அமுக்குங்கள். பழைய போர்டுகளில் நல்ல அழுத்தம் தேவைப்படும், போர்டு கொஞ்சம் வளைவது போலவும் தெரியும், பயமாக இருந்தால் அடியில் தாங்கல் கொடுங்கள். கிளிப் இரண்டும் தானாக எழுந்து டக் என்று பூட்ட வேண்டும். விரலால் தள்ளினால்தான் கிளிப் மூடுகிறது என்றால் ஸ்டிக் இன்னும் முழுசாக உள்ளே போகவில்லை. ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்பதைத்தான் 'ராம் போச்சு' என்று பலர் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு ஸ்டிக் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். வரவில்லையென்றால் அதையே அடுத்த ஸ்லாட்டில். பிறகு இரண்டாவது ஸ்டிக்கை அதே இரண்டு ஸ்லாட்டிலும். ஒரே ஸ்டிக் எங்கே போட்டாலும் வரவில்லையென்றால் குற்றம் ஸ்டிக்கில், ஒரே ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் வரவில்லையென்றால் குற்றம் ஸ்லாட்டில். போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியும் இதற்குள் தீர்ந்திருக்கலாம், அதையும் மாற்றிவிடுங்கள். எல்லாம் சரியாகி திரை வந்தபின் மெம்டெஸ்ட்86+ என்ற மெமரி சோதனை நிரல் ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரு பிழைகூட இல்லையென்றால் அந்த ராமை நம்பலாம்.

கேள்வி: என் போர்டில் நான்கு ஸ்லாட், இரண்டு மஞ்சள், இரண்டு சிவப்பு. கையில் 2 ஜிபி ஒன்றும் 1 ஜிபி ஒன்றும் இருக்கின்றன. எங்கே போடுவது, இரண்டையும் கலக்கலாமா?

கலக்கலாம். டிடிஆர்2 டிடிஆர்2-வோடு என்றிருக்கும்வரை அளவு வேறாக இருப்பது பெரிய தப்பில்லை. ஸ்டிக்கின் மேல் ஒரு ஓரமாக எட்டுக் கால் வைத்த குட்டி சிப் ஒன்று இருக்கும், எஸ்பிடி என்பார்கள். அந்த ஸ்டிக்கின் அளவு, வேகம், தாமதக் கணக்கு எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். பயாஸ் ஒவ்வொரு ஸ்டிக்கிலும் அதைப் படித்து, இருப்பதில் மெதுவான வேகத்துக்கு எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும். 800-ம் 667-ம் போட்டால் இரண்டும் 667-ல் ஓடும், அவ்வளவுதான்.

நிறம் எதற்கென்றால், டூயல் சேனலுக்கு. மெமரிக்குப் போகும் பாதைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக் இருந்தால் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும். நிறைய போர்டுகளில் ஒரே நிற ஸ்லாட் இரண்டில் போட்டால் பாதைக்கு ஒன்றாக அமையும். ஆனால் சிலர் ஒரு பாதையின் இரண்டு ஸ்லாட்டுக்கும் ஒரே நிறம் அடித்துவிடுகிறார்கள், அங்கே நிறத்தை நம்பிப் போட்டால் டூயல் சேனல் வராது. அதனால் நிறத்தைவிட ஸ்லாட்டின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பெயரைப் பாருங்கள், ஏ1, ஏ2, பி1, பி2 என்றிருந்தால் ஒன்று ஏ-யிலும் ஒன்று பி-யிலும் போடுங்கள். உங்களுடைய 2-ம் 1-ம் அப்படிப் போட்டால், இன்டெல்லின் ஃப்ளெக்ஸ் வசதி உள்ள சிப்செட்டுகளில் (போர்டின் பகுதிகளை இணைத்து நடத்தும் முக்கிய சிப்புகள்) இரண்டிலும் பொதுவாக உள்ள 1 ஜிபி வீதம் டூயல் சேனலிலும் மிச்சமுள்ள 1 ஜிபி தனிப் பாதையிலும் ஓடும்.

கேள்வி: டிடிஆர்3 ஸ்டிக்கும் அதே நீளம், அதே 240 பின். வெட்டு மட்டும்தான் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஸ்லாட்டின் மேட்டை அறுத்துவிட்டு டிடிஆர்2 போர்டில் போட்டுவிடலாமா?

கூடாது. அந்த மேடு அங்கே இருப்பதே உங்களைத் தடுக்கத்தான். டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், பின்களின் வேலையும் வேறு வேறு, எண்ணிக்கை மட்டும்தான் ஒன்று. ஆன் செய்த நொடியில் ஸ்டிக்கோ போர்டோ இரண்டுமோ போய்விடலாம்.

டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் ஸ்லாட் வைத்த போர்டுகளும் வந்தன. அவற்றிலும் ஏதாவது ஒரு வகையை மட்டும்தான் போட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.

கேள்வி: அப்பா வைத்திருந்த பென்டியம் கணினி ஒன்றைத் திரும்ப ஓடவைக்க ஆசை. அதில் குட்டையான 72 பின் ராம். நான்கில் ஒன்றை மட்டும் வைத்து ஆன் செய்தால் எதுவுமே வரவில்லை. ஒரு கிளிப் வேறு உடைந்துவிட்டது.

படித்ததும் சந்தோஷமாக இருந்தது, அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்கே நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வது சிம் வகை மெமரி, போனில் போடும் சிம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் கணினியில் எதுவுமே கெடாமல் இருக்கலாம். பென்டியம் ஒரே நேரத்தில் 64 பிட் கேட்கும், 72 பின் சிம் ஒன்று தருவது 32 பிட். அதனால் பென்டியத்தில் இரண்டிரண்டாகத்தான் போட வேண்டும், ஒற்றையாகப் போட்டால் பெரும்பாலான போர்டுகள் அசையாது. இதே சிம்மை பென்டியத்துக்கு முந்தைய 486 கணினியில் போட்டால் ஒன்றே போதும், அதன் பாதை 32 பிட்தான். அதற்கும் முந்தைய 30 பின் சிம் தருவது வெறும் 8 பிட், 486-ல் அதைப் போட நான்கு வேண்டும். ஜோடியில் இரண்டும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்கட்டும், ஒன்று எஃப்பிஎம் மற்றது ஈடிஓ என்று ஒரே ஜோடியில் கலக்காதீர்கள்.

கிளிப் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் காலத்து ஸ்லாட்டில் ஸ்டிக் போட்டுப் பழகிய கை சிம் சாக்கெட்டை உடைத்துவிடும். சிம்மை நேராக மேலிருந்து அமுக்கக் கூடாது. சாய்த்துப் பிடித்து, அடி விளிம்பு பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்தபின், அப்படியே நிமிர்த்த வேண்டும். நிமிரும்போது இரண்டு பக்கமும் இருக்கும் கிளிப் விலகிக்கொடுத்துப் பூட்டிக்கொள்ளும், சாக்கெட்டின் குட்டி முளைகள் சிம்மின் இரண்டு ஓரத்து ஓட்டைகளில் வந்து உட்காரும். கழற்றும்போது இரண்டு கிளிப்பையும் நகத்தால் ஒரே நேரத்தில் வெளியே நெட்டினால் சிம் தானே முன்னால் சாயும், ஒரு மயிரிழை விலகினால் போதும், அதற்குமேல் நெட்டக் கூடாது. உலோகக் கிளிப் தாங்கும். பிளாஸ்டிக் கிளிப் இத்தனை வருடத்தில் விறைத்துப் போயிருக்கும், கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால் சட்டென்று முறிந்துவிடும். முறிந்த சாக்கெட்டைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த ஜோடியைப் பயன்படுத்துங்கள். வேறு வழியில்லையென்றால் சிம்மை நிமிர்ந்த நிலையில் ஒரு சின்ன மின்சாரம் கடத்தாத ஆப்பு வைத்து நிறுத்தலாம், நானே அப்படி ஒன்றை ஓட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். சிம்மின் பட்டைகள் சிலவற்றில் தங்க நிறமாகவும் சிலவற்றில் வெள்ளி நிறமாகவும் இருக்கும், வெள்ளி நிறம் என்பது வெள்ளீயப் பூச்சு. சாக்கெட்டின் தகடுகளும் இதே மாதிரி இரண்டு வகை. தங்கத்துக்குத் தங்கம், வெள்ளீயத்துக்கு வெள்ளீயம் என்று போடுவதே நல்லது. மாற்றிப் போட்டால் இரண்டும் உரசும் இடத்தில் நாளாவட்டத்தில் ஆக்சைடு சேர்ந்துகொண்டே போய்த் தொடர்பு விட்டுவிட்டு வரும், இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது.

ஆசையில் கிடைக்கிற மெமரியெல்லாம் போட்டு நிரப்பவும் வேண்டாம். இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் உள்ள போர்டு என்றால் முதல் 64 எம்பி-க்கு மட்டும்தான் எல்2 கேஷ் என்ற வேகமான இடைநிலை மெமரி வேலை செய்யும், அதற்குமேல் போட்ட மெமரி கேஷின் உதவி இல்லாமல் ஓடும், மொத்தத்தில் கணினி மெதுவாகிவிடக்கூடும். அதே போர்டில் நீளமான 168 பின் ஸ்லாட்டும் பக்கத்தில் இருந்தால் சிம்மையும் அதையும் ஒன்றாகப் போடாதீர்கள். சிம்முக்கு 5 வோல்ட், 168 பின் எஸ்டி ராமுக்கு 3.3 வோல்ட்.

கேள்வி: ஜி41 போர்டுக்கு 4 ஜிபி டிடிஆர்3 வாங்கினேன். ஸ்லாட்டில் சரியாக உட்காருகிறது, ஆனால் கணினி எழுந்திருக்கவே இல்லை. கடையில் போட்டுக் காட்டியபோது வேறு கணினியில் ஓடியது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை, ஸ்டிக்கும் நல்லதுதான். ஜி41 சிப்செட்டுக்கு ஒரு சிப்பில் 2 ஜிகாபிட் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி) வரைதான் தெரியும். உங்கள் ஸ்டிக்கில் கறுப்பு சிப்புகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் 8 இருந்தால் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட், அதை உங்கள் போர்டால் கையாள முடியாது. இரண்டு பக்கமும் எட்டெட்டாக 16 இருக்கும் 4 ஜிபி ஸ்டிக்கைக் கேட்டு வாங்குங்கள், அது வேலை செய்யும். மொத்தம் 8 ஜிபி, அதுதான் ஜி41-ன் உச்சம். பக்கத்துக்கு 9 சிப் இருந்தால் அது பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும், சர்வருக்கான ஈசிசி வகையாக இருக்கும், தவிர்த்துவிடுங்கள்.

டிடிஆர்2-விலும் இதே மாதிரி ஒன்று உண்டு, ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் 4 ஜிபி ஸ்டிக்குகள். ஸ்லாட்டில் அழகாக உட்காரும், இன்டெல் போர்டில் வேலை செய்யாது. அப்புறம் 32 பிட் விண்டோஸ் வைத்திருந்தால் 4 ஜிபி போட்டாலும் 3 சொச்சம்தான் காட்டும், அதற்கு ராமையோ ஸ்லாட்டையோ குறை சொல்ல முடியாது.

கேள்வி: இரண்டு ஸ்லாட்டில் ஒன்று வேலையே செய்யவில்லை. ராம் நல்லது, மற்ற ஸ்லாட்டில் ஓடுகிறது. போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

எனக்கு இதே மாதிரி ஒரு போர்டு வந்தது. மூன்று வேறு வேறு ஸ்டிக் போட்டுப் பார்த்தேன், துடைத்தேன், காற்றடித்தேன், இரண்டாவது ஸ்லாட் அசையவில்லை. கடைசியில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது வெட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவதோ நான்காவதோ தகட்டின் மேல் அரிசியில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளைத் துணுக்கு. பழைய ராமின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உரிந்து, அதன் ஓரம் கிழிந்து உள்ளே விழுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசி முனையால் எடுத்துவிட்டு ஸ்டிக்கைப் போட்டேன், ஓடிவிட்டது. அதனால் முதலில் உள்ளே நன்றாகப் பாருங்கள்.

ஒரு தகடு சாய்ந்திருந்தால், மின்சாரம் இல்லாத நிலையில், தையல் ஊசியால் பக்கத்துத் தகடுகளின் வரிசைக்கு வரும்படி மெல்ல நகர்த்தலாம், ஒரே தள்ளில் சரி செய்ய முயலாதீர்கள். முறிந்தே போயிருந்தால் அந்த ஸ்லாட்டை விட்டுவிடுங்கள். 240 கால்களையும் சேதமில்லாமல் எடுத்துப் புது ஸ்லாட் வைப்பது சரியான கருவியும் பழகிய கையும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. நல்ல ஸ்லாட்டில் போர்டு தாங்கும் பெரிய ஸ்டிக் ஒன்றைப் போட்டு ஓட்டலாம்.

ஸ்லாட்டில் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லையென்றால் பிராசஸர் பக்கம் வாருங்கள். பழைய இன்டெல் போர்டுகளில் மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதி போர்டில் இருக்கும் சிப்செட்டில் இருந்தது. ஏஎம்டி 2003-ல் அத்லான் 64-ல் அதைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்தது, இன்டெல் 2008-ல் முதல் கோர் ஐ7-ல் கொண்டுவந்தது. அந்த வகைக் கணினிகளில் ராமிலிருந்து போகும் கம்பிகள் நேராகப் பிராசஸர் சாக்கெட்டுக்குத்தான் போகின்றன. அங்கே ஒரு பின் வளைந்திருந்தாலோ, கூலரின் ஒரு பக்கத்து ஸ்குரூவை மட்டும் அளவுக்கு மீறி இறுக்கிப் பிராசஸர் ஒருபுறம் தூக்கிக்கொண்டிருந்தாலோ, ஒரு பக்கத்து மெமரி ஸ்லாட் செத்தது போலவே இருக்கும். சமீபத்தில் கூலரைக் கழற்றி மாட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் அதைத் தளர்த்தி, நான்கு மூலையையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பழைய பென்டியம் 4-ல் இரண்டு ஸ்லாட்டில் ராம், மற்ற இரண்டில் சிப்பே இல்லாத வெறும் அட்டை இருந்தது. வேண்டாததென்று எடுத்துவிட்டேன், இப்போது ஓடவில்லை.

அதைத் திரும்பப் போடுங்கள். உங்களுடையது ராம்பஸ் நிறுவனத்தின் ஆர்டி ராம், அந்த ஸ்டிக்குக்கு ரிம் என்று பெயர். அதில் சிக்னல் ஒரு ஸ்டிக்கின் வழியாக நுழைந்து அடுத்ததற்குப் போய், அப்படியே வரிசையின் கடைசிவரை போகிறது. நடுவில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் பாதை அறுந்துவிடும், அந்த வெறும் அட்டைதான் அங்கே பாலம். இதுவும் டிடிஆர் முதல் தலைமுறையும் 184 பின்தான் என்றாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது.

கேள்வி: வருடத்துக்கு ஒருமுறை ராமைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது நல்லதா?

ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் தொடாதீர்கள். இந்த ஸ்லாட்டுகளைத் தயாரிப்பவர்கள் தங்கள் விவரத்தாளில் கொடுப்பது பெரும்பாலும் 25 தடவை செருகி எடுப்பதற்கான உறுதிதான். அதைத் தாண்டியதும் உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் தகடுகளின் பூச்சு கொஞ்சம் தேய்கிறது, ஸ்பிரிங்கின் பிடி கொஞ்சம் தளர்கிறது. கேபினெட்டைத் திறந்து வெளித்தூசியை மட்டும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காலியாக இருக்கும் ஸ்லாட்டின் மேல் மட்டும் தூசி அடையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது ஒரு ஸ்டிக் கூடுதலாகப் போடும்போது அந்தத் தூசி முழுக்க அதன் பட்டைகளோடு சேர்ந்து உள்ளே இறங்கும்.